படிக்காதவர் எழுதிய பயாஸ்

1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வெளிவந்தபோது, அதற்குள் ஐபிஎம்முக்கே சொந்தமான சரக்கு கொஞ்சம்தான். ப்ராசசர் இன்டெலின் 8088. டாஸ் மைக்ரோசாஃப்டிடமிருந்து வந்தது. அதை மற்ற கம்பெனிகளுக்கும் விற்கும் உரிமையை மைக்ரோசாஃப்ட் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. மிச்சமும் பெரும்பாலும் வெளிச்சந்தையில் கிடைத்த பாகங்கள். போட்டிக்காரர்களுக்குக் கிடைக்காத ஒன்று, ரோம் சிப்பில் இருந்த பயாஸ். வெறும் 8 கிலோபைட்.

சுவிட்சைப் போட்டதும் 8088 முதலில் தேடிப் போவது இந்த பயாஸைத்தான். அது மெமரியைச் சோதித்துவிட்டு, ஃப்ளாப்பியிலிருந்து டாஸை எழுப்பும். அதோடு வேலை முடியவில்லை. டாஸ் ஒரு ஃபைலைப் படிக்கணும்னா டிஸ்க்கிடம் நேரடியாகப் பேசாது, பயாஸைக் கூப்பிடும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு இன்டரப்ட் எண். ஹெக்ஸ் கணக்கில் திரைக்கு 10, டிஸ்க்குக்கு 13, கீபோர்டுக்கு 16. அதே எண்ணுக்கு அதே பதில் வந்தால் போதும், அடியில் இருப்பது யாருடைய மெஷின் என்று டாஸ் கேட்காது.

அப்படியானால் பயாஸைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டியதுதானே? பார்க்கத் தடையே இல்லை. டெக்னிக்கல் ரெஃபரென்ஸ் கையேட்டில் அதன் நிரலை ஐபிஎம்மே வரிவரியாக அச்சிட்டு விற்றது. ஆனால் பதிப்புரிமை ஐபிஎம்முடையது. படித்தவர் பிறகு சொந்தமாக எழுதினாலும், ‘பார்த்து எழுதினாய்’ என்று கோர்ட்டுக்கு இழுக்கலாம். பெருந்தன்மை போலத் தெரிந்த கையேடு, பொறி மாதிரி வேலை செய்தது.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸிலிருந்து வெளியேறிய மூவர் 1982-இல் ஹூஸ்டனில் தொடங்கிய காம்பாக், இதற்கு வேறு வழி பிடித்தது. ஒரு குழு பயாஸை ஆராய்ந்து, அது என்ன செய்கிறது என்பதை மட்டும் குறித்துக் கொடுத்தது. ஐபிஎம் நிரலைக் கண்ணாலும் பார்த்திராத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை வைத்துப் புதிதாக எழுதியது. என்னைக் கேட்டால் நியாயம் இந்தப் பக்கம்தான். எழுதிய வரிகள் சொத்தாகலாம். 13 என்று கூப்பிட்டால் டிஸ்க் திரும்பிப் பார்ப்பது எப்படி ஒருவரின் சொத்தாகும்?

பயாஸ் மட்டும் ஒத்துப்போனாலும் போதவில்லை என்பது வேறு கதை. 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3, வேகத்துக்காக பயாஸைத் தாண்டி வீடியோ மெமரியிலேயே நேரடியாக எழுதியது. ஆக, நகல் மெஷினில் அந்த மெமரியும் அதே முகவரியில் இருந்தாகணும். ‘ஐபிஎம் கம்பாட்டிபிள்’ என்று விளம்பரம் செய்த மெஷினில் லோட்டஸும் ஃப்ளைட் சிமுலேட்டரும் ஓடுதான்னு பார்த்த பிறகுதான் ஜனங்கள் நம்பினார்கள்.

1984-இல் ஐபிஎம், கரோனா, ஈகிள் என்ற இரு கம்பெனிகளை பயாஸைக் காப்பியடித்ததாகச் சொல்லிப் பிடித்தது. இரண்டும் இறங்கிவந்தன. அதே ஆண்டு ஃபீனிக்ஸ் டெக்னாலஜீஸ், கேட்டவர்களுக்கெல்லாம் விற்பதற்கென்றே ஒரு பயாஸைக் கொண்டுவந்தது. வழக்கு வந்தால் தாங்க வேண்டுமே என்று, அதை எழுத அவர்கள் தேடிப் பிடித்தவர் இன்டெலின் 8088-இல் அதுவரை வேலையே செய்திராத ஒரு ப்ரோகிராமர்.