மின்கல வானொலியும் ஊவாத் தோட்டங்களும்

பதுளைக்குப் புகைவண்டி வந்தது 1924ஆம் ஆண்டில். கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கியது அடுத்த ஆண்டு டிசம்பரில். எனினும், பசறை, லுணுகலை, அப்புத்தளை மலைகளில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளர் செவிக்கு அவ்வொலி எட்டுவதற்கு மேலும் பல்லாண்டுகள் கழிய வேண்டியிருந்தது. துரை பங்களாவிலும் தொழிற்சாலையிலும் மின்விளக்கு எரிந்த தோட்டங்களிற்கூட லயன் காம்பராக்களில் மண்ணெண்ணெய் விளக்கே துணை. ஆகவே அங்கே வானொலி என்பது மின்கலத்தை நம்பிய பொருளாயிற்று.

பழைய வால்வுப் பெட்டிக்கு இருவகை மின்னழுத்தம் வேண்டும். வால்வின் இழையைச் சூடேற்ற 1.5 வோல்ட்டு, மின்னோட்டத்தைச் செலுத்தப் பெரும்பாலும் 90 வோல்ட்டு. இதற்குரிய மின்கலக்கட்டு பருத்தது, விலையும் மிகுந்தது. வட ரொடீசியாவின் ஆப்பிரிக்க மக்களுக்கென 1949இல் சமையற்சட்டி வடிவில் ஒரு பெட்டி வெளிவந்தது. மலிவுப் பெட்டியெனப் பெயர்பெற்ற அதன் விலை 5 பவுண்; மின்கலத்துக்கு மட்டும் 25 ஷில்லிங். பெட்டியின் விலையிற் காற்பங்கு! அதுவும் ஏறத்தாழ 300 மணி நேரத்துக்கே வரும். நாட்கூலி பெறுவோர்க்கு இது எத்தகைய பாரம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

உழைப்பில் அப்பெட்டிகள் சளைத்தவையல்ல. பழுதான வால்வைக் கழற்றி வேறொன்றைச் செருகிவிடலாம். மலைநாட்டு ஈரந்தான் பகை: காகித மின்தேக்கிகள் ஈரமுண்டு கசியும்; மரக்கூட்டைக் கறையான் அரிக்கும்.

1947இல் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்சிஸ்டர், 1954இல் அமெரிக்கச் சந்தைக்குக் கைவானொலியாக வந்தது. அதற்குச் சூடேற்றும் இழை தேவையில்லை. பின்வந்த பெட்டிகளுக்குச் சில டார்ச் மின்கலங்களே போதுமாயின. தேய்ந்த மின்கலத்தை வெயிலில் வைத்துச் சிறிது உயிரூட்டும் வழக்கமும் தோன்றியது. வெப்பத்தில் உள்ளிருக்கும் இரசாயன வினை விரைவுறுவதால் அதிற் சிறிது பயனுண்டு. ஆனால் தீர்ந்த மின்கலத்தை எடுக்க மறந்தால் துத்தநாகக்கூடு அரிக்கப்பட்டு நீர் கசியும், கம்பிச்சுருள் துருவேறும். பல நல்ல பெட்டிகள் மாண்டது இவ்வகையிலேதான்.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டனர். நாடற்றோராயிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேர்க்கு இலங்கை குடியுரிமை தரும். எஞ்சிய 1,50,000 பேர் நிலை பின்னர் தீர்மானிக்கப்படும். தோட்ட மக்களைக் கலந்துகொள்ளாமலே செய்யப்பட்ட ஏற்பாடு இது. எழுத்தறியாதார்க்கும் விளங்கக்கூடிய தமிழிற் செய்தி சொல்லும் பெட்டி, இத்தகைய காலத்திற் பொழுதுபோக்குப் பொருளாக மட்டும் இருந்திருக்க முடியாது. எஞ்சிய அந்த 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ள உடன்பட்டது 1974இலேதான்.