கடாரத்தரசன் கட்டிய பள்ளி

நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்ற பழைய புத்தர் கோயிலைப் பற்றி, நம் நகரத்துக் காட்சிசாலையில் அடுத்த வாரம் ஒரு பிரசங்கம் நிகழவிருக்கின்றது. அதற்குச் செல்ல நான் நாளெண்ணிக் காத்திருப்பதைக் கண்ட தோட்டத்து நண்பரொருவர், "புத்தர் கோயிலுக்கும் நமக்கும் என்ன ஐயா சம்பந்தம்?" என்று வினவினார். அவருக்கு விடையாகவும், ஏனைய அன்பர்கட்கு ஓர் அழைப்பாகவும் இதனை எழுதலானேன்.

சம்பந்தம் கடல்வழியாக வந்ததாகும். நம் பாட்டன்மாரிற் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள். அவ்வழி வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வழியன்று. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஈ-சிங் என்னும் சீனத் துறவி, தம் நாட்டுத் துறவியொருவர் கடாரத்திலிருந்து மேற்கே முப்பது நாள் கப்பலிற் சென்று நாகப்பட்டினம் சேர்ந்ததை எழுதி வைத்துள்ளார். கடாரம் என்பது இக்காலத்துக் கெடாவே. பால்மரக் காட்டுக்கு ஆள் சேர்க்கத் தொடங்குவதற்குப் பன்னூறாண்டுகட்கு முன்னரே இவ்விரு கரைகளும் ஒன்றையொன்று அறிந்திருந்தன.

கி.பி. 1006-ஆம் ஆண்டளவில், ஸ்ரீவிஷயத்துக்கும் கடாரத்துக்கும் அதிபதியாகிய மாறவிசயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகையில் ஒரு புத்த விகாரம் எழுப்பினான். அதன் செலவுக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை விட்டுக் கொடுத்தவன் முதலாம் இராசராசன். தஞ்சையிற் பெரிய கோயிலை எடுப்பித்த அந்தச் சைவனேதான்! தந்தை வாயாற் சொன்னதை மகன் இராசேந்திரன் செப்பேட்டில் வெட்டுவித்து நிலைநிறுத்தினான். ஏடுகள் 21, வளையத்தில் இராசேந்திரனது முத்திரை விளங்குகின்றது. ஒல்லாந்தர் நாகையை ஆண்ட காலத்தில் கடல் கடந்து சென்ற இவை, 1862-இல் லெய்டன் நகரத்துப் பல்கலைக் கழகத்தை அடைந்தமையால் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. இவற்றின் வாசகத்தை நான் முதன்முதல் ஆங்கில மொழிபெயர்ப்பிலேதான் படித்தேன். தமிழில் வெட்டிய ஏட்டைத் தமிழன் இங்கிலீஷில் படிக்க நேர்ந்தது, நான் கற்ற கல்வியின் கோலம்.

இதனை வெறுஞ் சமய சமரசம் என்று மெச்சிவிடவும் என் மனம் ஒப்பவில்லை. கடாரத்தரசனுக்குச் சோழநாட்டுத் துறைமுகம் வேண்டியிருந்தது. சோழனுக்குக் கீழ்த்திசை வாணிபம் வேண்டியிருந்தது. அவ்வரசன் சார்பில் நாகைக் காரோணத்துச் சிவன் கோயிலுக்கும் சீனப் பொன் முதலியன வழங்கப்பட்டமையைக் கல்வெட்டுக்கள் கூறுகின்றன. ஆயினும், வாணிபத்தின் பொருட்டேனும் ஒருவர் தெய்வத்துக்கு மற்றவர் இடங்கொடுத்தனர் அன்றோ?

இங்ஙனம் செப்பேடு வெட்டுவித்த இராசேந்திரனே, 1025-இல் கப்பற்படை ஏவிக் கடாரத்தைச் சூறையாடினான். "கடாரங் கொண்டான்" என்று நம் மேடைகளில் முழங்கும்போது கைதட்டல் வானைப் பிளக்கின்றது. நானும் கைதட்டியவனே. ஆனால் கொள்ளையைப் பாடுகிற நம்மவர், ஆனைமங்கலத்தை ஏன் பாடுவதில்லை? படையெடுப்போடு அவ்வுறவு அற்றுப்போகவுமில்லை. 1090-ஆம் ஆண்டளவில் கடாரத்துத் தூதர் இருவர் வந்து வேண்ட, முதற் குலோத்துங்கன் அப்பள்ளிக்குரிய ஊர்களின் வரிகளை நீக்கியதை மூன்று ஏடுகள் கொண்ட சிறிய செப்பேடு தெரிவிக்கின்றது.

நிற்க, அவ்விகாரம் என்னவாயிற்று? அதனைச் சேர்ந்தது என்று பலர் கருதிய ஒரு செங்கற் கோபுரம் நாகையில் நெடுங்காலம் நின்றது. சதுரமாய், மூன்று நிலைகளோடு இருந்த அதனை மாலுமிகள் அடையாளமாகக் கொண்டனர். ஊரார் புதுவெளிக் கோபுரம் என்றனர். ஐரோப்பியர் சீனக் கோபுரம் என்றனர். வால்ட்டர் எலியட் என்ற அதிகாரி 1846-இல் அதனைக் கண்டு சித்திரம் வரைவித்தார். 1856-இல் ஏசு சபைப் பாதிரிமார் அவ்விடத்தில் ஒரு பெரிய மரத்தை அகற்றியபோது, வேரடியில் ஐந்து புத்தர் படிமங்கள் வெளிப்பட்டன. 1867-இல் சென்னை அரசாங்கத்தின் அனுமதி பெற்று அவர்கள் கோபுரத்தையே இடித்துவிட்டனர். பின்னரும் மண்ணிலிருந்து படிமங்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன. 1930-களுக்குள் ஏறக்குறைய 350 கிடைத்தன. அவற்றிற் பல சென்னை எழும்பூர்க் காட்சிசாலையைச் சேர்ந்தன.

பாதிரிமாரை மட்டும் நோவதில் என்ன பயன்? நம் பக்கத்துக் கடாரத்தில் நிகழ்ந்ததைப் பாருங்கள். பூஜாங் பள்ளத்தாக்கில், குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயர் 1936-37-இல் தோண்டி ஆராய்ந்து எண்ணிட்ட பழங்கோயில்களுள் பதினோராவது, சுங்கை பத்துத் தோட்ட நிலத்தில் இருந்தது. 2013-இல் வீடமைப்புக்காக நிலத்தைத் திருத்தியவர்கள் அதனை இயந்திரத்தால் தகர்த்தனர். செய்தி வெளிப்பட்ட பின்னரே கண்டனங்கள் எழுந்தன. தோட்டத்து நிலத்தில் நின்றிருந்த அச்செங்கற்களை மிதித்து நடந்தோர், அவை இன்னவை என அறிந்திருந்தால் முன்னதாகவே ஒரு குரலேனும் எழுந்திருக்கும் என்று எண்ணுகின்றேன். நண்பர் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்.

பிரசங்கத்தின் முடிவில் வினாக்களுக்கு இடமுண்டாம். கணக்கெழுதிப் பிழைக்கும் கிராணிக்கு எங்கும் கணக்கே கண்ணிற்படும். ஆனைமங்கலத்துக்கு விதித்த நெல் 8943 கலத்துக்கு மேல், தூணி, குறுணி, நாழி வரையிற் பிசகாது செப்பேட்டில் எழுதியிருக்கின்றது. எம் செக்ரோல் புத்தகத்தையும் இத்தனை நுட்பமாக நான் எழுதியதில்லை. அரசன் கொடுத்தான், அரசன் பெற்றான், சரி; அத்தனை நெல்லையும் உழுது விளைத்தவர் யாவர்? அளந்து கொடுத்தபின் அவர்தம் குடிசைக்கு எஞ்சியது எத்தனை நாழி? இதைத்தான் எழுந்து கேட்கப் போகின்றேன். சனிக்கிழமை மாலை தோட்டத்திலிருந்து நால்வர் புறப்படுகின்றோம்; வண்டியில் இன்னும் இருவருக்கு இடமிருக்கின்றது.