அண்டை வீட்டுப் பாத்திரம்

மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள செனகாலில் 100-க்கு 90 பேருக்கு மேல் முஸ்லிம்கள். 1960-ல் சுதந்திரம் வந்ததும் அங்கே முதல் ஜனாதிபதியானவரோ கத்தோலிக்கரான லெயோபோல்ட் செங்கோர் என்ற கவிஞர். இருபது வருஷம் ஆண்டு, 1980 கடைசியில் தாமாகவே விலகினார்.

1962-ல் அவருக்கும் பிரதமர் மமது தியாவுக்கும் பெரிய தகராறு மூண்டது. தியா முஸ்லிம். ஆனாலும் செல்வாக்கு மிக்க முரீத் என்ற சூஃபி மார்க்கத்தின் தலைவர் ஃபாலிலு ம்பாக்கே ஆதரித்தது செங்கோரைத்தான். இதில் அரசியல் இல்லாமலில்லை. நிலக்கடலைச் சாகுபடியில் அந்த மார்க்கத்தின் கை ஓங்கியிருந்தது. தியாவின் சீர்திருத்தங்கள் அவர்களுக்கு ரசிக்கவில்லை. இருந்தாலும், செங்கோரின் மதம் அந்த நட்புக்குக் குறுக்கே நிற்கவில்லை, பாருங்கள்!

இந்தப் பக்குவம் சட்டத்தில் பிறந்ததல்ல, அடுக்களையில் பிறந்தது என்பது என் எண்ணம். ஈஸ்டருக்கு முந்திய புனித வெள்ளியன்று கிறிஸ்தவ வீடுகளில் கம்பும் நிலக்கடலையும் ஆனைப்புளியும் சேர்த்து 'ஙலாக்' என்னும் இனிப்புக் கூழ் செய்து, அண்டையிலுள்ள முஸ்லிம் வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். பக்ரீத் வந்தால் அங்கிருந்து ஆட்டுக்கறி வரும். செங்கோரின் ஊரான ஜோவாலை அடுத்த ஃபாதியூத் தீவில் கிறிஸ்தவர்களே அதிகம். அங்கே கிளிஞ்சல் மேட்டிலுள்ள ஒரே இடுகாட்டில் இரு மதத்தாரும் உறங்குகிறார்கள்.

இது தானாக நிலைத்து நிற்கும் என்று இருந்துவிட முடியாது. பக்கத்து மாலியில், 2012-ல், ஆயுதம் ஏந்திய கூட்டத்தார் திம்பக்டுவிலிருந்த முஸ்லிம் மகான்களின் சமாதிகளையே இடித்தார்கள்.

ஆகவே, செனகாலுக்குப் போகிறவர்கள் மசூதியையும் மாதா கோவிலையும் பார்த்ததோடு திரும்பிவிடக் கூடாது. பண்டிகை நாளில் தெருவில் நின்று, எந்த வீட்டுப் பாத்திரம் எந்த வீட்டுக்குப் போகிறதென்று கவனிக்க வேண்டும்.