உரிமம் கேட்கும் துப்பாக்கியும் அனுமதி கேட்கும் வழக்கும்: மரக்காணம் கடற்கரையை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

மரக்காணம் உப்பளங்களை ஒட்டித் தென்மேற்காக விரிந்து கிடப்பது கழுவெளி. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு இதன் 5,151 ஹெக்டேர் பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் இது சேர்ந்தது. வலசை வரும் பறவைகளுக்குக் கிடைத்த நல்ல செய்தியாக இதைப் பலரும் எழுதினார்கள். ஆனால் இந்த அறிவிப்போடு கூடவே நடைமுறைக்கு வந்த இன்னொரு சட்டக் கடமை அதிகம் பேசப்படவில்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, ஓரிடம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதிலிருந்து மூன்று மாதங்களுக்குள், அதிலும் அதைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள்ளும் வசிக்கிற, துப்பாக்கி உரிமம் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் வனத்துறையிடம் பதிவு செய்துகொள்ள விண்ணப்பிக்க வேண்டும். அந்த எல்லைக்குள் புதிய உரிமம் வழங்குவதற்கும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு தேவை. மரக்காணம் பேரூரும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களும் இந்த வட்டத்துக்குள்தான் இருக்கின்றன.

இந்தப் பக்கத்தில் குடிமக்கள் கையில் துப்பாக்கி இருந்தால் பெரும்பாலும் அது நாட்டுத் துப்பாக்கியாகத்தான் இருக்கும். குழலின் வாய்வழியே கரிமருந்தும் ஈயக் குண்டும் இட்டுக் கெட்டித்துச் சுடுகிற ஒற்றைக்குழல் கருவி அது. பயிரைக் காக்க இத்தகைய துப்பாக்கிக்கு உரிமம் தர 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு இடம் தருகிறது. குருவிக்காரர் எனப்படும் நரிக்குறவர் மக்களில் பலர் இப்படி உரிமம் பெற்று வந்திருக்கிறார்கள். உரிமத்தை அவர்கள் உரிய காலத்தில் புதுப்பிக்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். உரிமம் இல்லாமல் பிடிபட்டால், 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது இரண்டு ஆண்டு சிறை. கொக்குக்கும் உள்ளானுக்கும் குறி வைத்த கருவிக்கு இத்தனை கணக்கு.

பறவைகளைக் காக்கவும் ஊர் அமைதிக்கும் இந்தக் கட்டுப்பாடு வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் இந்தக் கட்டுரை கேட்க விரும்பும் கேள்வி வேறு. குடிமகன் கையில் உள்ள துப்பாக்கியிடம் இவ்வளவு கணக்குக் கேட்கப் பழகிய அரசு, தன் கையில் உள்ள துப்பாக்கிக்கு யாரிடம், எப்போது, எந்த அளவுக்குப் பதில் சொல்லியிருக்கிறது?

ஆயுதக் கட்டுப்பாடு 1857 கிளர்ச்சியின் விளைவு. 1860-இல் ஒரு சட்டம் வந்தது. லிட்டன் வைஸ்ராயாக இருந்த 1878-இல் வந்த ஆயுதச் சட்டம் நாடு முழுவதும் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. ஐரோப்பியருக்கு விலக்களித்தது. இந்த இன வேற்றுமைதான் படித்த இந்தியரைச் சுட்டது. 1887-இல் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மாநாட்டில் இச்சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்ற தீர்மானம் கடுமையான விவாதத்துக்குப் பின் நிறைவேறியது. 1931 கராச்சி மாநாட்டின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில் ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது. ஆனால் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அந்த உரிமையை அரசியலமைப்பில் சேர்க்கக் கொண்டுவந்த திருத்தம் தோற்றது. விடுதலை பெற்ற நாடு, காலனிய அரசு வாங்கி வைத்த ஆயுதத்தைக் குடிமக்களிடம் திருப்பித் தர வேண்டியதில்லை என்று தெரிந்தே முடிவெடுத்தது.

உப்போடு ஒப்பிட்டால் இந்த முடிவின் தனித்தன்மை தெரியும். மரக்காணத்தில் உப்பு வாருவதும் ஒரு காலத்தில் உரிமத்தில் அடங்கிய தொழில். 1805-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தின் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. 1930-இல் தண்டியிலும் வேதாரண்யத்திலும் மக்கள் உப்புச் சட்டத்தை மீறினார்கள். 1947-இல் உப்பு வரி ஒழிந்தது. துப்பாக்கிச் சட்டத்தை மீற அப்படி ஒரு வெகுமக்கள் இயக்கம் எழவில்லை. ஆயுதத்தை அரசிடம் விட்டுவிடுவதற்குத் தமிழ் மக்கள் பெரும்பாலும் இசைந்தார்கள். மக்கள்தொகையைவிடத் தனியார் துப்பாக்கிகளின் எண்ணிக்கை அதிகமாக உள்ள அமெரிக்காவில் துப்பாக்கி அரசியல் என்றால் குடிமகனின் உரிமை பற்றிய சண்டை. 1996-இல் போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பின் ஆஸ்திரேலிய அரசு லட்சக்கணக்கான துப்பாக்கிகளை மக்களிடமிருந்து விலைக்கு வாங்கி அழித்தது. நம் வரலாற்றில் அந்தக் கட்டம் 1878-லேயே கடந்துவிட்டது. ஆகவே இங்கே துப்பாக்கி பற்றிய அரசியல் பொறுப்பு என்பது முதன்மையாகக் காவல்துறைத் துப்பாக்கியின் பொறுப்புதான்.

இந்தப் பொறுப்பைச் சட்டம் எப்படி வகுத்திருக்கிறது? 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, பணியில் இருக்கும் அரசு ஊழியரின் ஆயுதத்தைச் சட்டத்தின் வரம்புக்கு வெளியே வைக்கிறது. அது இயல்பே, காவலர் உரிமம் வாங்கிக்கொண்டு பணிக்கு வர முடியாது. சிக்கல் அடுத்த படியில்தான். சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்கும்போது செய்த செயலுக்காக அதிகாரி மீதோ காவலர் மீதோ வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டும் என்றது 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 132-ஆம் பிரிவு. 1973-இல் புதிய சட்டம் வந்தபோதும் அதே காப்பு, அதே எண்ணில் நீடித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 151-ஆம் பிரிவு. ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்த 1919-இல் ஹண்டர் குழு விசாரணையைத் தொடங்கும் முன்பே அதிகாரிகளுக்குக் காப்பளிக்கும் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அந்தக் காலத்து அச்சம் இன்னும் நம் சட்டப் புத்தகத்தை விட்டு அகலவில்லை.

தமிழ்நாட்டில் இதன் விளைவுகளை நான்கு நிகழ்வுகளில் காணலாம். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூடுகளுக்கு மக்கள் வாக்குச் சீட்டில் பதில் சொன்னார்கள். 1967-இல் முதலமைச்சர் பக்தவத்சலமே ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். அரசியல் பொறுப்பின் மிக வலுவான வடிவம் அது. ஆனால் தேர்தல் தோல்வி ஆட்சியைத்தான் மாற்றும். எந்த உத்தரவு யாரால், ஏன் தரப்பட்டது என்பதைப் பதிவு செய்யாது.

இரண்டாவது நிகழ்வு மரக்காணத்தின் சொந்த மாவட்டமான இன்றைய விழுப்புரத்தில் நடந்தது. 1987 செப்டம்பர் 17 முதல் 23 வரை இட ஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் நடத்திய சாலை மறியலில் 21 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்கள். பார்ப்பனப்பட்டு, சித்தணி, முண்டியம்பாக்கம், பனையபுரம், கோலியனூர் என்று விழுப்புரத்தைச் சுற்றிய ஊர்களின் பெயர்களே அந்தப் பட்டியலில் நிறைந்திருக்கின்றன. 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு இட ஒதுக்கீடு வந்தது. 2025 ஜனவரி 28 அன்று விழுப்புரத்தில் அந்த 21 பேருக்கும் மணிமண்டபம் திறக்கப்பட்டது. கோரிக்கை நிறைவேறியது, தியாகம் போற்றப்பட்டது. இரண்டும் தேவையானவை. சுட உத்தரவிட்டது சரியா என்ற கேள்விக்கு மட்டும் மண்டபத்தில் விடை இல்லை. இறந்தவரைத் தியாகியாக்குவது நம் அரசியலுக்கு எளிதாக இருக்கிறது. சுட்டவரை விசாரிப்பது கடினமாக இருக்கிறது.

இந்த நான்கில் அடங்காவிட்டாலும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு: 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்திலேயே, மாமல்லபுரத்தில் வன்னியர் சங்கம் நடத்திய சித்திரை முழுநிலவு விழாவுக்குச் சென்றவர்களின் பயணத்தின்போது சாதி மோதல் வெடித்தது. தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. விழாவுக்குப் போனவர்களில் இருவர் இறந்தனர். இரு தரப்பும் காவல்துறையைத்தான் குற்றம் சொன்னது. எங்களவர் சாவுக்குக் காரணம் என்ன என்று ஒரு தரப்பு கேட்டது. எங்கள் வீடுகளை ஏன் காக்கவில்லை என்று மறு தரப்பு கேட்டது. அரசின் ஆயுதப் பலம் தேவைப்படும்போது வந்து சேராததும் பொறுப்புக் கேள்விதான் என்பதை இந்தக் கடற்கரை நேரில் கண்டது.

மூன்றாவது நிகழ்வு 2011 செப்டம்பர் 11 பரமக்குடி. தலித் தலைவர் இமானுவேல் சேகரன் நினைவு நாளில் நடந்த துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி சம்பத் ஆணையம், அது தவிர்க்க இயலாதது என்று அறிக்கை தந்தது.

நான்காவது 2018 மே 22 தூத்துக்குடி. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான ஊர்வலத்திலும் மறுநாளும் சுட்டதில் 13 பேர் இறந்தனர். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் இங்கே வேறுவிதமாக நடந்துகொண்டது. 2022 மே மாதம் அது அளித்த இறுதி அறிக்கை 17 காவல்துறையினர் மீதும் அப்போதைய மாவட்ட ஆட்சியர் மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. நடந்ததைத் தொலைக்காட்சி மூலமே அறிந்ததாக அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி கூறியதை ஆணையம் ஏற்கவில்லை. உயரதிகாரிகள் அவருக்கு உடனுக்குடன் தகவல் தெரிவித்து வந்தார்கள் என்றது. அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. முதலமைச்சரின் சொல்லையே சாட்சியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த இந்த அறிக்கையைத் தமிழ்நாட்டின் பொறுப்புக்கூறல் வரலாற்றில் ஒரு திருப்பமாகவே நான் கருதுகிறேன். ஆனால் உயர் நீதிமன்ற உத்தரவின்படி விசாரித்த சிபிஐயின் குற்றப்பத்திரிகையில் காவல்துறைத் தரப்பில் ஆய்வாளர் ஒருவர் பெயர் மட்டுமே இருந்தது.

ஏன் இப்படி? 1952-ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டப்படி ஆணையத்தின் முடிவு பரிந்துரை மட்டுமே. நீதிமன்றத் தீர்ப்பைப் போல யாரையும் அது கட்டுப்படுத்தாது. நடவடிக்கைக் குறிப்போடு ஆறு மாதத்துக்குள் அறிக்கையை அவையில் வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தக் குறிப்பில் சொன்னதை எப்போது முடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வழக்குக்கு அனுமதி தர வேண்டிய அரசும், துப்பாக்கிக்குப் பொறுப்பேற்க வேண்டிய அரசும் ஒன்றேயாக இருக்கின்றன.

இதை மாற்றச் சட்டமன்றமும் நாடாளுமன்றமும் செய்ய வேண்டியவை கைக்கு எட்டாதவை அல்ல. துப்பாக்கிச் சூட்டில் உயிர்ப்பலி நிகழ்ந்தால் வழக்குத் தொடரும் அனுமதியை அரசிடமிருந்து எடுத்து உயர் நீதிமன்றத்திடம் தர வேண்டும். ஆணையப் பரிந்துரைகளை நிறைவேற்றக் காலக்கெடு வகுக்க வேண்டும். சுட உத்தரவிட்டவரின் பெயரும் உத்தரவு தந்த நேரமும் அன்றே பொதுவில் வெளிவர வேண்டும். கழுவெளி ஓரத்தில் நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர் தன் பெயரை மூன்று மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று விதிக்கும் அரசு, இந்த மூன்றையும் தனக்கும் விதித்துக்கொள்ள வேண்டும்.