மூலக்கூறு அச்சுப் பல்பகுதிய ஊக்கிகள்

ஒரு குறித்த மூலக்கூறின் வடிவத்தைத் தன்னுள் குழியாகப் பதித்து வைத்திருக்கும் செயற்கைப் பொருள் மூலக்கூறு அச்சுப் பல்பகுதியம் எனப்படும். அக்குழி ஓர் இரசாயனத் தாக்கத்தை விரைவுபடுத்துமாயின், அது நொதியத்தை ஒத்த ஊக்கியாகிறது.

ஆக்கும் முறை

கொழும்பு–கண்டி வீதியிலுள்ள பிலிமத்தலாவை பித்தளை வேலைக்குப் பெயர்பெற்ற ஊர். பித்தளை வேலையில் பயன்படும் மெழுகு வார்ப்பை அறிந்தவருக்கு, இப்பல்பகுதியத்தை ஆக்கும் முறை எளிதில் விளங்கும். மெழுகுருவைக் களிமண்ணால் மூடிச் சுட்டால், மெழுகு உருகி ஓட, வடிவம் வெற்றிடமாக எஞ்சும். இங்கு மெழுகின் இடத்தில் ஒரு மூலக்கூறு. அதைப் பற்றும் ஒருபகுதியங்கள், அதாவது பல்பகுதியத்தை ஆக்கும் சிறு மூலக்கூறுகள், சுற்றிலும் அமைந்ததும், அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும் குறுக்கிணைப்பு அவற்றை இறுக்குகிறது. பின்னர் அச்சு மூலக்கூறு கழுவி அகற்றப்படுகிறது. வார்ப்பவர் குழியை உலோகத்தால் நிரப்புவார். வேதியியலாளருக்குக் குழியே வேண்டிய பொருள்.

வரலாறு

நொதியமும் தாக்குபொருளும் பூட்டும் சாவியும் போலப் பொருந்துவதாக எமில் பிஷர் 1894இல் கூறினார். 1931இல் பொலியாக்கொவ், சிலிக்கா ஜெல் தான் உருவானபோது உடனிருந்த கரைப்பானைப் பிற்பாடு விரும்பி ஏற்பதைக் கண்டார். 1949இல் பிராங்க் டிக்கி சாயங்களைச் சிலிக்காவில் அச்சாக்கினார். 1972இல் ஜெர்மனியின் குந்தர் வுல்ஃப் இவ்வச்சு முறையைக் கரிமப் பல்பகுதியங்களுக்குக் கொண்டுவந்தார்.

ஆனால் பற்றிக்கொள்ளும் குழியெல்லாம் ஊக்கியாகாது. தாக்குபொருளையே அச்சாக்கினால், குழி அதை இறுகப் பிடித்து மாறவிடாமல் வைத்துவிடும். நொதியம் உண்மையில் பொருந்துவது தாக்கத்தின் இடைவழியில் தோன்றும் தாண்டல் நிலைக்கே என்று லைனஸ் பாலிங் 1940களில் விளக்கியிருந்தார். அந்நிலை கணமும் நிலைக்காது. எனவே அதனை ஒத்த, உறுதியான பொஸ்பனேற்றுச் சேர்வைகள் அச்சாயின.

1989இல் சுவீடனின் லுண்ட் நகரில் ரொபின்சனும் கிளாஸ் மொஸ்பாக்கும் இவ்வழியில் ஓர் எசுத்தரின் நீர்ப்பகுப்பை 1.6 மடங்கு விரைவாக்கினர். சிறிய எண்தான், ஆனாலும் எதை அச்சாக்க வேண்டும் என்பதற்கு அது விடை தந்தது. குழிக்குள் அமிடீன் கூட்டங்களைச் சரியான இடத்தில் அமர்த்திய வுல்ஃப் குழு, 1997இல் 100 மடங்கைத் தாண்டியது. 2004இல் செம்பு அயனையும் சேர்த்து, காபொட்சிபெப்டிடேசு நொதியத்தைப் பின்பற்றி, ஊக்கியில்லா நிலையைவிட ஓர் இலட்சம் மடங்குக்கு மேற்பட்ட வேகம் எட்டப்பட்டது.

இந்தியாவில், கோட்டயம் மகாத்மா காந்திப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கைமோட்ரிப்சின் நொதியத்தின் செரீன், ஹிஸ்டிடின், அஸ்பார்ட்டிக் அமிலம் ஆகிய மூன்று அமினோ அமிலங்களையும் அச்சுக் குழிக்குள் அமைத்துள்ளனர்.

இன்றைய நிலை

வெப்பத்தையும் கரிமக் கரைப்பான்களையும் இவை நொதியங்களைவிட நன்கு தாங்கும். ஆயினும் குழிகள் ஒரே சீராக அமைவதில்லை. திண்மத்தின் உட்குழிகளைத் தாக்குபொருள் எளிதில் அடைவதுமில்லை. இக்குறையைப் போக்க, கரைசலில் பரவி நிற்கும் நானோஜெல்கள் உருவாக்கப்படுகின்றன.