சென்னையில மைதானம் யாருக்கு? 250 வருஷக் கதை (நீண்ட த்ரெட்)

1/ சேப்பாக்கம் ஸ்டேடியம் நவாப் அரண்மனைத் தோட்டமா இருந்த இடம். நம்ம மீஞ்சூர்ல லோக்கல் ஏறி சென்ட்ரல் மூர் மார்க்கெட்ல இறங்குறோமே, அது 116 ஏக்கர் பொதுப் பூங்காவா இருந்த இடம். சென்னை மைதானங்களோட வரலாறுன்னா வெறும் ஸ்கோர்கார்டு இல்ல மக்களே. நிலம் யார் கையில இருந்துச்சு, உள்ள யாரை விட்டாங்க. அந்தக் கதைதான் இது.

2/ சேப்பாக்கத்துலேர்ந்து ஆரம்பிப்போம். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக 1768-ல எழுந்த அரண்மனை. 1855-ல கடைசி நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசு இல்லாம இறந்தார். வாரிசு இல்லைன்னா சொத்து எங்களுக்குன்னு வெள்ளைக்கார அரசு எடுத்துக்கிச்சு. பக்கத்து வாலாஜா சாலையில மட்டும் அந்தப் பேரு இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு.

3/ 1846-ல ஆரம்பிச்ச மெட்ராஸ் கிரிக்கெட் கிளப், 1860-கள்ல அந்த வளாகத்துக்குள்ள இடம் வாங்குச்சு. அது அன்னைக்கு ஐரோப்பியர் கிளப். நம்மாளுங்க அங்க ஆடப் போனாலும் பெவிலியனுக்குள்ள சம உரிமை கிடையாது.

4/ இதுக்குப் பதில் சொன்னவர் புச்சிபாபு நாயுடு. சண்டை போடல, 1888-ல மெட்ராஸ் யுனைடெட் கிளப்னு தொடங்கி, எஸ்பிளனேடு பக்கம் இந்தியர்களுக்குன்னு தனி ஆடுகளம் உருவாக்கினார். மெட்ராஸ் கிரிக்கெட்டின் தந்தைன்னு அவரைச் சொல்றது பேட்டிங்குக்காக மட்டும் இல்ல. ஆட ஒரு இடம் வேணும்னு முதல்ல புரிஞ்சுக்கிட்டவர் அவர்.

5/ இந்தியர் அணியும் ஐரோப்பியர் அணியும் மோதணும்ங்கிறது அவர் ஆசை. 1908-ல இறந்துட்டார். ஆனா 1915-16 சீசன்லேர்ந்து பொங்கலை ஒட்டி அந்த ஆட்டம் வருஷா வருஷம் நடக்கிற வழக்கமாச்சு. எங்க? அதே சேப்பாக்கத்துல.

6/ அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 1934 பிப்ரவரியில சேப்பாக்கத்தோட முதல் டெஸ்ட். அதே வருஷம் நவம்பர் 4, ரஞ்சி டிராபியோட முதல் ஆட்டம், மெட்ராஸ் - மைசூர், ஒரே நாள்ல முடிஞ்சுது. 1952 பிப்ரவரி, இங்கிலாந்தை இன்னிங்ஸ் வித்தியாசத்துல தோற்கடிச்சு இந்தியாவோட முதல் டெஸ்ட் வெற்றி. வினூ மன்கட் 12 விக்கெட்.

7/ இப்ப சென்ட்ரல் பக்கம் வருவோம். 1859 வாக்குல கவர்னர் டிரெவெல்யன் 'பீப்பிள்ஸ் பார்க்'னு ஒண்ணை உருவாக்கினார். பேருலயே மக்கள் இருக்காங்க. குளம், மிருகக்காட்சிச் சாலை, விளையாட்டுத் திடல் எல்லாம் இருந்துச்சு.

8/ அதுலேர்ந்து ஒவ்வொரு துண்டா வெட்டினாங்க. விக்டோரியா ஹால், மூர் மார்க்கெட், 1913-ல ரிப்பன் கட்டடம். மிருகக்காட்சிச் சாலை வண்டலூர் போச்சு. 1985-ல மூர் மார்க்கெட் எரிஞ்சு போச்சு, அந்த இடத்துலதான் இன்னைக்கு நாம இறங்குற ஸ்டேஷன். ஒவ்வொண்ணுக்கும் நியாயமான காரணம் இருந்துச்சு. மொத்தமா கூட்டிப் பார்த்தா பூங்கா காணோம்.

9/ அந்தப் பூங்கா நிலத்துலதான் கார்ப்பரேஷன் ஸ்டேடியமும் வந்துச்சு. 1956-லேர்ந்து 1965 வரை மெட்ராஸ் டெஸ்ட் ஒன்பதும் அங்கதான், சேப்பாக்கத்துல இல்ல. 1956 ஜனவரியில நியூசிலாந்துக்கு எதிரா மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அங்கதான். 52 வருஷம் நின்ன உலக சாதனை. இன்னைக்கு நேரு ஸ்டேடியம்னு ஃபுட்பால் பார்க்கப் போறோமே, அதே இடம்.

10/ டாக்டரா இருந்துக்கிட்டு டீன் ஜோன்ஸ் கதையை விட முடியாது. 1986 செப்டம்பர், சேப்பாக்கம், டை ஆன டெஸ்ட். எட்டு மணி நேரத்துக்கு மேல நின்னு 210. மைதானத்துலயே வாந்தி, தசைப்பிடிப்பு. அவுட் ஆனதும் ஆஸ்பத்திரியில சலைன் ஏத்தினாங்க. வேர்வையில தண்ணி மட்டும் போறதில்ல, உப்பும் போகுது. அதனாலதான் மணிக்கணக்குல வெயில்ல ஆடுற பசங்களுக்கு வெறும் தண்ணி பத்தாது, ஓ.ஆர்.எஸ். கொடுங்கன்னு சொல்றோம்.

11/ சர்வதேச வீரருக்கே அந்த நிலைமைன்னா, மே மாசம் கட்டாந்தரையில ஆடுற பத்து வயசுப் பையனை யோசிங்க. நாலு மரம், ஒரு குழாய், பொண்ணுங்களும் வரணும்னா ஒரு டாய்லெட். இதெல்லாம் இருந்தாத்தான் அது மைதானம். இல்லைன்னா காலி மனை.

12/ சரி, பெரிய இடம் இல்லாதவங்க என்ன பண்ணாங்க? 1920-ல ஹாரி குரோ பக்-ங்கிற அமெரிக்கர் மெட்ராஸ்ல ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்துல இப்பவும் இருக்கு. கூடைப்பந்தும் வாலிபாலும் அமெரிக்க ஒய்.எம்.சி.ஏ.க்காரங்க கண்டுபிடிச்ச ஆட்டங்கள். அங்க பயிற்சி எடுத்த பி.டி. வாத்தியாருங்க மூலமா இந்த ஆட்டங்கள் நம்ம ஸ்கூல்களுக்கு வந்துச்சு.

13/ கணக்கு சிம்பிள். வாலிபாலுக்கு 18 மீட்டருக்கு 9 மீட்டர். கபடிக்கு 13-க்கு 10. கிரிக்கெட்டுக்கு ஏக்கர் கணக்குல வேணும். நம்ம பக்கத்து கிராமங்கள்ல சாயங்காலம் வாலிபால் நெட்டு கட்டுறாங்கன்னா அது ரசனை மட்டும் இல்ல, கிடைச்ச இடத்தோட அளவும்தான்.

14/ வடசென்னை இன்னும் சுருக்கிக்கிச்சு: கேரம் போர்டு. உலக சாம்பியன் மரிய இருதயம் நம்ம சென்னைக்காரர். 2024 நவம்பர்ல அமெரிக்காவுல நடந்த உலகக் கோப்பையில மூணு தங்கம் வாங்கின காசிமா, புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ டிரைவரோட பொண்ணு. பெருமையான விஷயம். ஆனா கூடவே ஒரு கேள்வியும் வருது: திடல் இருந்திருந்தா அந்தத் தெருக்கள்லேர்ந்து எத்தனை ஓட்டக்காரங்க வந்திருப்பாங்க?

15/ அதே ஊர்ல கிண்டி குதிரைப் பந்தயத்துக்கு 160 ஏக்கர். 1945-ல 99 வருஷக் குத்தகை. வாடகை பாக்கி 730 கோடின்னு சொல்லி 2024 செப்டம்பர்ல அரசு திரும்ப எடுத்துச்சு.

16/ அடுத்த மாசமே, அக்டோபர் 2024. சென்னை மாநகராட்சி 9 செயற்கைப் புல் ஃபுட்பால் திடல்களைத் தனியாருக்கு விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கத் தீர்மானம் போட்டுச்சு. எதிர்ப்பு வந்ததும் வாபஸ். தினம் ஒரு மணி நேரம்னா மாசம் 3,600 ரூபா. கூலி வேலை செய்யுற வீட்டுல யாரால முடியும்? 1888-ல தோல் நிறம் தடுத்துச்சு. இப்ப பர்ஸ் தடுக்குது.

17/ இதுல எனக்கென்ன அக்கறைன்னா: 5 முதல் 17 வயசு வரை தினம் சராசரியா 60 நிமிஷம் உடல் உழைப்பு வேணும்ங்குது உலக சுகாதார நிறுவனம். பெரியவங்களுக்கு வாரம் 150 நிமிஷம். இந்தியாவுல 10 கோடிப் பேருக்கு சுகர்னு 2023-ல ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்லிச்சு. ஓ.பி.யில "தினம் நடங்க"ன்னு எழுதிக் கொடுக்கிறோம். "எங்க சார் நடக்கிறது, ரோடு பூரா லாரி"ன்னு கேட்டா பதில் இல்ல.

18/ மீஞ்சூர் சென்னைப் பெருநகரப் பகுதிக்குள்ளதான் வருது. துறைமுகம், அனல்மின் நிலையம், கன்டெய்னர் யார்டுன்னு பெருநகரத்தோட பாரமெல்லாம் நமக்கு வந்துச்சு. மைதானம் மட்டும் இன்னும் வரல. தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம்னு அரசு அறிவிச்சிருக்கு, நல்லது. ஆனா அதுக்கு முன்னாடி, இருக்கிற திடல் கையை விட்டுப் போகாமப் பார்க்கணும்.

19/ நாம செய்யக்கூடியது: உங்க ஊர்ல பசங்க ஆடுற இடம் வருவாய்க் கணக்குல என்னவா இருக்குன்னு வி.ஏ.ஓ.கிட்ட கேளுங்க. ஊராட்சின்னா கிராம சபையில 'விளையாட்டுத் திடல்'னு தீர்மானம் போடச் சொல்லுங்க. பேரூராட்சின்னா கவுன்சிலர்கிட்ட எழுத்துல கொடுங்க. பீப்பிள்ஸ் பார்க் ஒரே நாள்ல போகல. யாரும் கணக்கு கேட்காததால துண்டு துண்டா போச்சு.

20/ நீங்க சின்ன வயசுல ஆடின திடல் இப்ப என்னவா இருக்கு? ஊர்ப் பேரோட கமெண்ட்ல போடுங்க. (முற்றும்)