ரிச்சர்ட் மான்ட்கோமரி

இங்கிலாந்தின் தென்கிழக்கே, தேம்ஸ் ஆற்றின் கழிமுகத்தில் 1944 ஆகஸ்டில் தரைதட்டி உடைந்த அமெரிக்கச் சரக்குக் கப்பல். ஷெப்பி தீவிலுள்ள ஷீர்னஸ் ஊரிலிருந்து ஏறத்தாழ 2.4 கிலோமீட்டர், எதிர்க்கரையில் உள்ள சவுத்எண்டிலிருந்து 8 கிலோமீட்டர் தொலைவில் கிடக்கிறது. மெட்வே ஆற்றுக்குள் கப்பல்கள் நுழையும் தடத்துக்கும் இதற்கும் இடைவெளி சுமார் 200 மீட்டர்தான். 1,400 டன் டி.என்.டி.க்கு ஈடான வெடிபொருள் இன்னும் இதன் வயிற்றுக்குள் இருப்பதாகப் பிரிட்டிஷ் அரசு கணக்கிட்டுள்ளது.

போர்க்காலத் தேவைக்காக அவசர அவசரமாக ஆயிரக்கணக்கில் கட்டப்பட்ட லிபர்ட்டி வகைக் கப்பல்களில் இதுவும் ஒன்று. ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் 1943இல் கட்டி முடிக்கப்பட்டது. நீளம் சுமார் 134 மீட்டர். 1775இல் கியூபெக் முற்றுகையில் உயிரிழந்த அமெரிக்கத் தளபதியின் பெயரை இதற்குச் சூட்டினார்கள்.

1944 ஆகஸ்டில் பிலடெல்பியாவில் 6,000 டன்னுக்கும் மேற்பட்ட குண்டுகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. தேம்ஸ் முகத்துவாரத்தில் மற்ற கப்பல்களோடு அணிசேர்ந்து, நேசநாட்டுப் படைகள் அப்போதுதான் கைப்பற்றியிருந்த பிரான்சின் ஷெர்பூர் துறைமுகத்துக்குப் போக வேண்டும் என்பது திட்டம். ஷீர்னஸ் மணல்திட்டின் ஓரத்தில் நங்கூரமிடும்படி துறைமுக அதிகாரி உத்தரவிட்டார். வற்றத்தின்போது அங்கே தண்ணீர் சுமார் 7.3 மீட்டர்தான் இருக்கும். பாரத்தோடு நின்ற கப்பலோ 9 மீட்டருக்கு மேல் ஆழம் கேட்டது. அந்த இடம் வேண்டாம் என்று துணை அதிகாரி சொல்லிப் பார்த்தார். உத்தரவு மாறவில்லை.

ஆகஸ்ட் 20 அதிகாலை நங்கூரம் இழுபட்டு, கப்பல் திட்டை நோக்கி நகர்ந்தது. அக்கம்பக்கத்துக் கப்பல்கள் சங்கூதி எச்சரித்தன. கண்காணிப்பில் இருந்த அதிகாரி, உறங்கிக்கொண்டிருந்த கேப்டனை எழுப்பவில்லை. கடல்மட்டம் உயர்ந்திருந்த நேரத்தில் மணலில் ஏறிய கப்பல், நீர் வடிந்ததும் வளையத் தொடங்கியது. விசாரணைக் குழு கேப்டனைக் குற்றவாளியாக்கி ஓராண்டு இடைநீக்கம் செய்தது. அவர் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாதுதான். ஆனாலும் ஆழமில்லாத இடத்தைக் காட்டிய உத்தரவுக்கும் இதில் சமபங்கு உண்டு.

மூன்று நாளில் குண்டுகளை இறக்கும் வேலை தொடங்கியது. மறுநாளே கப்பலின் உடல் விரிசல் விட்டு முன்பகுதியில் நீர் புகுந்தது. ஆனாலும் வேலையாட்கள் செப்டம்பர் 25 வரை பின்பக்க அறைகளைக் காலிசெய்துகொண்டிருந்தார்கள். சரக்கில் ஏறத்தாழ பாதி கரை சேர்ந்தது. அதற்குள் கப்பல் இரண்டு துண்டாகிவிட்டதால், முன்பக்க அறைகளில் இருந்ததை அப்படியே விட்டு வந்தார்கள்.

அங்கே எஞ்சியவற்றில் பெரும்பாலானவை வான்வழி வீசப்படும் பெருங்குண்டுகள். அவற்றுக்குத் திரிகள் பொருத்தப்படவில்லை. கவலை தருபவை, திரி பொருத்திய நிலையிலேயே ஏற்றப்பட்ட சிதறு குண்டுக் கொத்துகள். திரியிலுள்ள ஈய அசைடு, ஈரத்தோடும் பித்தளையோடும் சேர்ந்து செம்பு அசைடாக மாறினால் சிறு அதிர்ச்சிக்கே வெடிக்கும். நீர் முழுமையாகப் புகுந்திருந்தால் அந்தப் பொருள் கரைந்தே போயிருக்கலாம். இந்த இரண்டு சாத்தியங்களுக்கும் நடுவேதான் அரை நூற்றாண்டுக்கு மேலான வாதம் நடக்கிறது. 1970இல் ராணுவ அறிவியல் கல்லூரி செய்த மதிப்பீட்டின்படி, முழுவதும் ஒருசேர வெடித்தால் நீரும் சிதறலும் 3,000 மீட்டர் உயரத்துக்கு எழும்; 5 மீட்டர் அலை கரையை நோக்கிக் கிளம்பும்.

தொடாமல் விடுவதே நல்லது என்ற கொள்கைக்கு வலுச்சேர்த்தது கீல்ட்சே என்ற போலந்துக் கப்பல். 1946இல் ஃபோக்ஸ்டோன் அருகே குண்டுகளோடு மூழ்கிய அதை 1967இல் அப்புறப்படுத்த முயன்றபோது வெடித்தது. ரிக்டர் அளவில் 4.5 நிலநடுக்கத்துக்கு நிகரான அதிர்வு பதிவாகி, கடலடியில் 6 மீட்டர் பள்ளம் விழுந்தது. யாருக்கும் காயமில்லை. அது கரையிலிருந்து தள்ளி நடந்தது. மான்ட்கோமரிக்குப் பக்கத்திலோ ஒரு ஊரும், எதிரே கிரெய்ன் தீவில் திரவ எரிவாயு முனையமும் இருக்கின்றன.

1973ஆம் ஆண்டின் சிதைவுக் கப்பல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இது அபாயகரமானது என அறிவிக்கப்பட்டுள்ளது. சுற்றிலும் மிதவைகள் கட்டித் தடைப்பகுதியாக்கியிருக்கிறார்கள். மெட்வே துறைமுகம் இரவும் பகலும் ரேடாரில் கவனிக்கிறது. நீருக்கு மேலே எப்போதும் தெரிவது மூன்று கொடிமரங்களே. அருகே வராதே, ஏறாதே, உள்ளே வெடிக்காத குண்டுகள் இருக்கின்றன என்ற பலகைகளை அவற்றில் மாட்டியிருக்கிறார்கள். கடல்சார், கடலோரக் காவல் முகமை சோனார், லேசர் கருவிகளால் அவ்வப்போது அளவெடுத்துவருகிறது. தகடு மெலிவதையும் விரிசல் வளர்வதையும் அந்த அளவீடுகளே காட்டுகின்றன.

துருப்பிடித்த அந்தக் கொடிமரங்களின் பாரம், குண்டுகள் இருக்கும் முன்பகுதித் தளத்தின் மேல் அழுந்துகிறது. அவை சரிந்து உள்ளே விழுமுன் வெட்டியெடுக்க வேண்டும் என்று 2020இல் அரசு முடிவு செய்தது. அதன்பின் பணி பலமுறை தள்ளிவைக்கப்பட்டது. அசையாமல் இருந்தால் ஆபத்தில்லை என்ற வாதம் 1944இன் கெட்டியான தகட்டுக்குப் பொருந்தியிருக்கலாம். உப்புநீர் அரித்துக்கொண்டே வரும் தகட்டுக்கு அது பொருந்தாது. தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் வேலை கடினமாகிறது.